நம்மில் யாருக்கும் படிக்கத் தெரியாத பத்திரிகை

ஏண்டா பெரிய மனுஷா, சௌக்கியமா? தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா? உன் பெண்டாட்டிக்கு இருமல் நின்றதா? குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? குன்றத்தூர் வீட்டில் மாடித் தண்ணீர் வருகிறதா, இல்லை இன்னும் நீதான் குடம் தூக்குகிறாயா? கையில் கடிகாரம் கட்டியவன் குடம் தூக்கக் கூடாதென்று உன் கொரியாக் கம்பெனியில் சட்டம் கிடையாதே? எல்லாவற்றையும் விசாரித்துவிட்டேன். இனி உன் அப்பன் நான் பேசுகிறேன், நீ கேள். குறுக்கே பேச இந்தக் காகிதத்தில் உனக்கு இடம் இல்லை. அதனால்தான் போன் பண்ணாமல் கடிதம் எழுதச் சொன்னேன். போனில் நீ "சரிப்பா, சரிப்பா, ஷிஃப்டுக்கு டைம் ஆச்சுப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய்.

எனக்கு எழுதத் தெரியாது, அது உனக்கே தெரியும். இதை எழுதுகிறவள் நம் மெயின் ரோட்டில் டெலிபோன் பூத் வைத்திருக்கும் செல்வி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். புருஷன் உன் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். நான் பேசப் பேச அவள் அதைப் புத்தகத் தமிழாக்கிப் போடுகிறாள். "சித்தப்பா, நீங்க சொல்ற மாதிரியே எழுதுனா வாசிக்கிறவுக சிரிப்பாக" என்கிறாள். சரி, சிரிக்காதபடி எழுது என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டுப் பேச்சுக்கு எழுத்து கிடையாது என்பதால், அந்தப் பேச்சைப் பற்றியே எழுதும் கடிதத்தைக்கூடத் தமிழில்தான் எழுத வேண்டியிருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வெட்கம் உன்னுடையதைப் போல மேடை ஏறுகிற வெட்கம் இல்லை.

நீ அனுப்பிய டேப் ரிக்கார்டர் வந்தது. கூடவே இரண்டு புதுக் கேசட்டும், ஒரு சீட்டும். செல்விதான் படித்தாள். நம் பாட்டுகள், நம் கதைகள், கல்யாணத்தில் சொல்வது, சாவில் சொல்வது எல்லாவற்றையும் நான் அதற்குள் பேச வேண்டுமாம். வியாழக்கிழமைக்குள் ஆள் வந்து வாங்கிக்கொள்வானாம். கம்பெனி அனுப்பி வெள்ளிக்கிழமை நீ குடும்பத்தோடு கொரியாவுக்கு விமானம் ஏறுவதற்கு முன் உங்கள் தெலுங்கு பேசுவோர் சங்கத்தில் அதைப் போட்டுக் காட்டிவிட்டு, அங்கே போய்க் குழந்தைக்கும் போட்டுக் காட்டுவாயாம். "நம் பாரம்பரியம் பாப்பாவுக்குப் போய்ச் சேர வேண்டும்" என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தைச் செல்வியை இரண்டு முறை படிக்கச் சொன்னேன். முதல் முறை எனக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சிரிப்பு வந்தது.

பாரம்பரியம்! பெரிய வார்த்தைதான். இதை எங்கே வாங்கினாய்? கம்பெனி கேன்டீனிலா? நம் பேச்சில் அப்படி ஒரு வார்த்தை இல்லவே இல்லை. என் அப்பன் கடப்பைப் பக்கத்திலிருந்து சம்மட்டியும் உளியும் மூட்டை கட்டிக்கொண்டு மழை இல்லாமல் இங்கே வந்தான். கல் உடைத்தான், கிணறு வெட்டினான், மணிமங்கலத்துக்கு இந்தப் பக்கம் குடிசை போட்டான், செத்தான். அவனோடு வந்தவை ஒன்பது குடும்பம். கல் உடைப்பது ஒன்றும் பெருமை இல்லையடா, அதைப் பாட்டாக்கி எவனாவது பாடினால் நம்பாதே. கண்ணில் சில்லு தெறிக்கும், முதுகு போகும், முதலாளி கெட்ட வார்த்தையில் திட்டுவான். இன்றைக்குக் கிரஷர் வந்து எல்லாவற்றையும் அரைக்கிறது. அரைக்கட்டும். எனக்கு அதில் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. நம்மிடம் இருந்தது ஒன்றே ஒன்று. வீட்டுக்குள் பேசிக்கொள்ள ஒரு பேச்சு. அதை நீ பாரம்பரியம் ஆக்கிவிட்டாய், அதனால் அது பெட்டிக்குள் போக வேண்டியதாகிவிட்டது.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "நீ மட்டும் யோக்கியமா" என்று கேட்பாய். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். அந்த வருஷம்தான் இந்தப் பக்கம் நிலத்தை வளைத்துக் கம்பி வேலி போட ஆரம்பித்தார்கள். கார் கம்பெனி வருகிறது, அது வருகிறது, இது வருகிறது என்று டீக்கடையில் ஒரே பேச்சு. ஆள் பிடிக்கும் கான்ட்ராக்டர் ஒருவன், வெள்ளைப் பேன்ட், கழுத்தில் செயின், படப்பை டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். நான் பின்னால் பெஞ்சில் இருப்பது அவனுக்குத் தெரியாது. "லோக்கல் பசங்கள தாம்பா எடுப்பாங்க. அந்தக் கல்லு ஒடைக்கிற காலனிப் பசங்க வேணாம். அவனுங்க வேற பாஷைக்காரனுங்க, ஊரு ஊராப் போறவனுங்க. இன்னிக்கு கீறானுங்க, நாளைக்கு எங்கனா ஓடிடுவானுங்க" என்றான். நாற்பது வருஷமாக அதே குடிசையில் இருக்கிறவன் நான். அவனுடைய வெள்ளைப் பேன்ட் மேல் டீயைக் கொட்டியிருக்க வேண்டும். கொட்டவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திச் சட்டம் போட்டேன்.

இன்று முதல் இந்த வீட்டில் தமிழ்தான். அதுவும் இந்த ஊர்த் தமிழ். வூடு, இன்னா, கீது. நம் பேச்சு பேசினால் சோறு கிடையாது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. இரண்டே நாளில் "இன்னாப்பா, சோறு கீதா" என்று என்னையே கேலி செய்தாய். அதற்கு முன் என்னை "நாயனா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் "அப்பா" என்று மாறினாய். இதில் ஒரு கூத்து என்னவென்றால், மெட்ராஸ்காரன் தெருவுக்குத் தெரு "இன்னா நைனா" என்கிறானே, அந்த நைனா நம் வார்த்தையடா. நம் ஆட்கள் போட்ட வார்த்தையை எடுத்து ஊரே மென்றுகொண்டிருக்கிறது. ஊர் வைத்துக்கொண்டதை நாம் துப்பினோம். துப்பச் சொன்னவன் நான்.

ஆனால் உன் அம்மாவுக்குத் தமிழ் எங்கே இருந்தது? கடையில் உப்பு வாங்குகிற தமிழ், பஸ்ஸில் இடம் கேட்கிற தமிழ். அவ்வளவுதான். கோபம் வந்தால், பாசம் வந்தால், காய்ச்சல் வந்தால் அவளுக்கு அந்தப் பேச்சுதான் வரும். சட்டம் போட்ட மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே உன்னிடம் நம் பேச்சில் ஏதோ சொன்னாள். கை கழுவினாயா என்றோ என்னவோ. நான் அவள் தட்டை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தேன். உன் கண் முன்னாலேயே. தமிழில் கேள், தருகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். நீ சிரித்தாய். சின்னப் பையன், சிரித்தது தப்பில்லை. நான் செய்ததுதான் தப்பு. அதை இங்கே, செல்வி கையெழுத்தில், ஒத்துக்கொள்கிறேன். செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். "நெசமாவா சித்தப்பா? தட்டையா?" ஆமாம், எழுது.

அன்றிலிருந்து உன் அம்மா என்னிடம் மட்டும்தான் பேசுகிறாள். நம் பேச்சில், மெதுவாக. நீ வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டால் பாதி வார்த்தையில் நிறுத்திவிடுவாள். உன்னோடு அவள் பேசுவது என்ன, சொல்? "துன்னியா?" "இன்னிக்கு ஷிஃப்ட் கீதா?" "தண்ணி எத்துக்க." மூன்று கேள்வி. ஒன்பது வருஷமாக மூன்று கேள்வி. நீ ஐடிஐ முடித்தாய், கார் கம்பெனி லைனில் சேர்ந்தாய், டீம் லீடர் ஆனாய், காதலித்தாய், கல்யாணம் செய்தாய், பிள்ளை பெற்றாய். அத்தனைக்கும் உன்னைப் பெற்றவளிடமிருந்து அந்த மூன்று கேள்விதான். அவள் சாது, வாய் பேசமாட்டாள் என்று உன் பெண்டாட்டி அக்கம்பக்கத்தில் சொல்கிறாளாம். சாதுவா? அவள் திட்டுவதை நீ கேட்டதில்லை. நான் தினமும் கேட்கிறேன்.

இதில் கேவலம் என்ன தெரியுமா? உன்னை வேலைக்கு எடுத்தவனுக்குத் தமிழே வராது. நானும் கம்பெனி கேட்டுக்குக் கூட வந்தேனே, பார்த்தேனே. மலையாளமோ இந்தியோ கலந்து ஏதோ பேசினான். உன் சர்ட்டிபிகேட்டைப் பார்த்தான், கையைத் திருப்பிப் பார்த்தான், தெரிந்த இரண்டே தமிழ் வார்த்தையில் "நாளைக்கி வா" என்றான். நீ வீட்டில் என்ன பாஷை பேசுகிறாய் என்று அவனுக்கு என்ன வந்தது? நீ ஒழுங்காக வேலை செய்தால் சரி. அந்த ஆளுக்காகவா என் வீட்டு வாயைத் தைத்தேன் என்று கேட்டிலேயே நின்றேன். செக்யூரிட்டி வந்து "இன்னா பெரியவரே, வழிய வுடு" என்றான். விட்டேன்.

நான் செய்தது பயத்தில். நீ செய்வது பெருமையில். அதனால்தான் உன் மேல் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, இளக்காரம்தான் வருகிறது. உன் கம்பெனிக்கு விஜயவாடாவிலிருந்து ஒரு மேனேஜர் வந்தான். உனக்குத் தெலுங்கு தெரியும் என்று யாரோ சொல்ல, அவன் உன் தோளில் கை போட்டு "நீயும் நம்ம ஆளா" என்றானாம். அவ்வளவுதான். பல வருஷமாக எங்கேயோ தொலைத்து வைத்திருந்த தெலுங்கு உனக்கு ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டது. சங்கத்தில் சேர்ந்தாய். சட்டையில் பேட்ஜ் குத்தினாய். வீட்டுக்கு வந்து என்னிடம் "நாம சாதாரண ஆளுங்க இல்லப்பா" என்றாய். ஏன், நேற்று வரை என்னவாக இருந்தோம்? உன் அம்மா நாற்பது வருஷமாகப் பேசிய பேச்சு உனக்கு அசிங்கமாக இருந்தது. மேனேஜர் அதையே ஏசி ரூமில் பேசியதும் பரம்பரைச் சொத்து ஆகிவிட்டது.

அப்புறம் உன் கல்யாணப் பத்திரிகை. இதை நீ மறக்கப் பார்ப்பாய். மறக்க விடமாட்டேன். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு என்று அடித்தாய். வாலாஜாபாத்தில் ஒரு பிரஸ். தெலுங்குப் பக்கம் சிவப்பு எழுத்தில், உருண்டை உருண்டையாக, ஜிலேபி பிழிந்த மாதிரி. எவ்வளவு அழகு! நம் ஒன்பது குடும்பத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் கிடையாது. உனக்கும் தெரியாது. ஆனால் நான் என்ன செய்தேன்? அதையும் சொல்கிறேன். பதினோரு நாள் அந்தப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். விரலை எழுத்துக்குக் கீழே ஓட்டிக் காட்டினேன். "பாரு, இது ரமேசு. இது என் பேர்." உன் அம்மா என் பேர் எங்கே என்றாள். ஒரு குண்டு எழுத்தைக் காட்டினேன். அவள் அந்த எழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் உன்னை மாதிரியே முட்டாளாக இருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். பெரியவன் என்பதற்காக யாரும் குறைவான முட்டாள் ஆவதில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மேனேஜரிடம் பத்திரிகை கொடுத்தாய். அவன் தமிழைத் தள்ளிவிட்டுத் தெலுங்கைப் படித்தான். படித்தவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டானாம். "சிரஞ்சீவி ரமேஷ் புஷ்பவதி ஆனதை முன்னிட்டு நடைபெறும் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு" என்று இருந்ததாம்! அன்றைக்கு லைன் முழுக்க, இரண்டு ஷிஃப்டுக்கும், ஒரே கொண்டாட்டம். மீசை வைத்தவன் பெரிய மனுஷி ஆகிவிட்டான். ஒருவன் உனக்குக் கேன்டீனில் புட்டும் நல்லெண்ணெயும் கேட்டானாம். இதெல்லாம் நீ சொல்லவில்லை. செல்வி புருஷன் சொன்னான். இப்போதுகூட அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் எழுதுகிறாள்.

நீ அழுத கண்ணோடு வந்தாய், பிரஸ்காரனை வெட்டுவேன் என்றாய். நானும் கூட வந்தேன். அந்த மனுஷன் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "எனக்கு இன்னா சார் தெரியும்? எங்கிட்ட தெலுங்குல இருந்தது ஒரே ஒரு மாடல் கார்டு. காஞ்சிபுரத்துல நெசவுக்காரங்க வூட்டு விசேஷத்துக்கு அடிச்சது. பேரு மட்டும் நீங்க எழுதியாந்த சீட்டப் பாத்து மாத்துனேன். ப்ரூஃப் குடுத்தேன், நீங்கதான பாத்து கையெழுத்து போட்டீங்க?" என்றான். ப்ரூஃபை எடுத்து உன் கையெழுத்தைக் காட்டினான். "பாஷ உங்குளுது சார். படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லி இருந்தா நான் தமிழ்லயே அடிச்சிருப்பனே." அவனை வெட்ட வந்தவன் அவன் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தாய். அந்தக் கையெழுத்தைத்தான் நான் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். தெரியாததைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவன் நீ. இதுதான் நீ காப்பாற்றுகிற லட்சணம்.

இதோடு நிறுத்தினாயா? கல்யாண மண்டபத்தில் அந்த மேனேஜர் வந்தான். நீ தூரத்திலிருந்து "நான்னகாரு! நான்னகாரு!" என்று கத்தினாய். யாரைக் கூப்பிடுகிறான் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தானாம், அப்பா என்று அர்த்தமாம். சினிமாவில் ஜமீன்தாரைக் கூப்பிடுகிற மாதிரி. மேனேஜர் நல்லவன்தான், கை கூப்பினான். உன் அம்மாவிடம் குனிந்து, "அம்மா, ஆனந்தங்கா உன்னாரா?" என்றான். சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறான், பெரிய இடத்துத் தெலுங்கில். உன் அம்மாவுக்கு அது, ஆனந்தன் என்று ஒருத்தன் இருக்கிறானா என்று கேட்பதாகப் பட்டது. அவளும் மரியாதையாக, "லேடு" என்றாள். அவன் இல்லை. அந்த ஆள் சிரித்தான். வேண்டுமென்று சிரிக்கவில்லை, வந்துவிட்டது. "உங்கம்மாவுக்குத் தெலுங்கு தெரியலையே ரமேஷ்" என்றான். நீயும் சிரித்தாய். "படிக்காதவங்க சார், அவங்க பேசறது கலப்படம்" என்றாய். நான் பக்கத்தில் சந்தனக் கும்பா பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். முதல் தடவை நீ சிரித்தபோது உனக்குப் பதினைந்து வயது, அதைத் தப்பில்லை என்றேன். இந்தத் தடவை அப்படிச் சொல்லமாட்டேன்.

கலப்படமாம். உன்னுடைய தமிழ் என்ன? நீ பேசுவதில் லைன், ஓ.டி., ரிஜெக்ட், டார்கெட் என்று பாதி இங்கிலீஷ். கொரியாக்காரனைப் பார்த்தால் இடுப்பை வளைத்து அவன் பேச்சில் வணக்கம் வைக்கிறாய். அறுபது வார்த்தை கற்றுக்கொண்டாயாம், கம்பெனியில் பரிசாக டிபன் பாக்ஸ் கொடுத்தார்களாம். கொரியாக்காரன் பெண்டாட்டியை ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டில் பார்த்தேன். முள்ளங்கி வாங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள் கூட. அந்தப் பிள்ளைகள் நடுத்தெருவில் அவர்கள் பேச்சில் கத்துகின்றன, அவளும் கத்துகிறாள், முள்ளங்கிக்காரியிடமும் அதிலேயே பேரம் பேசுகிறாள். ஒரு கூச்சம் கிடையாது. சரியான கொரியன் பேசுகிறோமா, கலப்படமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பிள்ளைக்கு மூக்கு வழிகிறது, துடைக்கிறாள், திட்டுகிறாள், அவ்வளவுதான். அவளுக்குச் சங்கம் இருப்பதாகத் தெரியவில்லை. கேசட் இருப்பதாகவும் தெரியவில்லை.

அப்புறம் அந்தப் புத்தகம். இதைச் சொன்னால் நீ கோபப்படுவாய், படு. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம், தமிழ் வழியாகத் தெலுங்கு கற்றுத்தரும் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தாய். சுத்தமான தெலுங்கு பேசப் போகிறேன் என்றாய். உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் முன்னால் உட்கார்ந்தாய். அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் முதலாக அந்தப் பேச்சில் அவளிடம் வாய் திறந்தாய். என்ன கேட்டாய்? புத்தகத்தைப் பார்த்து, "ரயில்வே ஸ்டேஷனு எக்கட உந்தி?" என்றாய்.

ரயில்வே ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று பெற்றவளைக் கேட்டாய். அவள் கையில் கீரையோடு நிமிர்ந்து பார்த்தாள். முகம் எப்படி ஆனது தெரியுமா? நீ பார்க்கவில்லை, நீ அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்தாய். அவள் நிஜமாகவே பதில் சொன்னாள். நம் பேச்சில், விவரமாக. இங்கே ஸ்டேஷன் இல்லையப்பா, தாம்பரம் போக வேண்டும், இந்த பஸ், அந்த பஸ், கூட்டமாக இருக்கும், கையில் பை இருந்தால் பத்திரம், இப்போது எதற்கு ரயில், யாருக்காவது உடம்பு சரியில்லையா, நானும் வரட்டுமா என்று. இத்தனை பேசினாள்! அத்தனை வருஷம் அடைத்து வைத்ததெல்லாம் அந்தத் தாம்பரம் பஸ் வழியாக வந்தது. நீ என்ன செய்தாய்? "அம்மா, 'எள்ளால' இல்ல, 'வெள்ளாலி'ன்னு சொல்லணும்" என்று, போக வேண்டும் என்பதற்கு அவள் சொன்ன வார்த்தையைத் திருத்தினாய். புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டினாய். அவள் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுபடியும் மூன்று கேள்விக்கு வந்துவிட்டாள்.

எனக்குப் புரியாதது இதுதான். உனக்கு அந்தப் பேச்சு தெரியும். பதினைந்து வயது வரை நீ அதில்தான் சண்டை போட்டாய், பொய் சொன்னாய், கனவில் உளறினாய். அது எங்கேயும் போகவில்லை, உன் வாய்க்குள்தான் இருக்கிறது. ஆனால் அது மேனேஜர் பேசுகிற மாதிரி இல்லை என்பதால் உனக்கு அது வேண்டாம். வேறு எங்கேயோ இருக்கிற சரியான ஒன்றைத் தேடுகிறாய். அது நம்முடையது இல்லையடா. நம்முடையது இந்தக் கலப்படம்தான். மணிமங்கலத்துப் புழுதியும் படப்பைச் சந்தையும் கலந்த இதுதான். இதைப் பேச இந்தப் பூமியில் ஒன்பது குடும்பம் இருந்தது. இப்போது வாய் திறக்கிறவர்கள் ஐந்தாறு பேர்தான். உன் சங்கத்துக்கு இது தேவைப்படாது. அவர்களிடம் சுத்தமானது மூட்டை மூட்டையாக இருக்கிறது.

நீ சொன்னபடி கேசட்டில் பேசிப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கி, தொண்டையைச் செருமி, என் அப்பன் வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். யாரிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை. ஊம் கொட்ட ஆள் இல்லை, எதிரே பெட்டி. கதையில் பாதி கேட்கிறவன் முகத்தில்தானே இருக்கிறது? போட்டுக் கேட்டால் கிரஷர் சத்தம் இருக்கிறது, நடுவில் நான் இருமுகிறேன். அந்தக் கேசட்டை அப்படியே கொடுத்தனுப்புகிறேன். உன் சங்கத்தில் போடு. எல்லோரும் கை தட்டட்டும். கொரியாவில் குழந்தைக்குப் போடு, தாத்தா இருமுகிறார் என்று சொல்.

விமான நிலையத்துக்கு வேன் ஏற்பாடு செய்திருக்கிறாயாம், சங்கத்தார் மாலையோடு வருவார்களாம், நாங்களும் புதுத்துணி கட்டி வந்து நிற்க வேண்டுமாம், போட்டோ எடுப்பார்களாம். வரமாட்டோம். இரண்டு வருஷம் போகிறாய். உன் அம்மாவுக்கு நெஞ்சில் என்னவோ அடைக்கிறது என்று காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை காட்டிவிட்டோம். உனக்குச் சொல்லக் கூடாது என்றாள், சொல்லிவிட்டேன். டாக்டர் அவளிடம் எங்கே வலி என்று கேட்டார். அவளுக்குத் தமிழில் சொல்ல வரவில்லை, நான்தான் சொன்னேன். அவள் சொன்னதில் பாதிதான் என்னால் தமிழாக்க முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து நீ வரும்போது என்ன இருக்கும், யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பயமுறுத்தவில்லை. உனக்குப் பயம் வராது என்று எனக்குத் தெரியும், டார்கெட்டுக்கு மட்டும்தான் பயப்படுவாய்.

அதனால் கேட்பது ஒன்றே ஒன்று. விமானம் ஏறுவதற்கு முன் ஒரு பகல் இங்கே வா. மேனேஜர் வேண்டாம், சங்கம் வேண்டாம், அந்தப் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வா. குழந்தையை அவள் மடியில் போடு. அவள் எதிரே உட்கார். பேசு. தப்பாகப் பேசு. வார்த்தை வராவிட்டால் தமிழைப் போட்டு அடைத்துக்கொள். நான் வாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறேன். சட்டம் போட்டவன் உள்ளே இருந்தால் அவளுக்கு வாய் வராது. நீ கொரியாவுக்குக் கொண்டு போக வேண்டியது எதுவாக இருந்தாலும் அது அவளிடம்தான் இருக்கிறது, என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது வெறும் ஊர்க்கதை.

உன் அம்மாவிடம், கடிதம் எழுதப் போகிறேன், ஏதாவது சொல்லணுமா என்று காலையில் கேட்டேன். நான் சட்டை போட்டுக் கிளம்பும்போது பின்னாலேயே வந்து, நீ பிறந்த நாளைப் பற்றி ஒன்று சொன்னாள். இத்தனை வருஷத்தில் அதை என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. கேட்டுவிட்டு நான் அங்கேயே நின்றுவிட்டேன். அதை அப்படியே நம் பேச்சிலேயே சொல்கிறேன். செல்வி, நீ தமிழ் எழுத்தில் போடு, அர்த்தம் உனக்குத் தெரிய வேண்டாம், சத்தத்தை மட்டும் எழுது. "கொடுகா, நுவ்வு புட்டின நாடு..."

இரு செல்வி. வெளியே யார் சத்தம்? அவள்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். தலையில் முக்காடு இல்லை, காலில் செருப்பு இல்லை, ஓடி வந்திருக்கிறாள். கம்பெனி பஸ் நிற்கிறது, ஷிஃப்ட் முடிந்து பையன்கள் இறங்குகிறார்கள், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவளுக்கு யாரைப் பற்றியும் கவலை இல்லை. நம் பேச்சில், தொண்டை கிழிய, "ராயொத்து! வாடொச்சி விணனீ!" என்கிறாள். எழுதாதே, அவன் வந்து கேட்கட்டும் என்கிறாள். "சித்தப்பா, சித்திக்கு இம்புட்டுச் சத்தம் வருமா?" என்கிறாள் செல்வி. வரும். அவள் ரோட்டைத் தாண்டப் பார்க்கிறாள், லாரி வருகிறது, நான் போக வேண்டும். ரமேசு, வியாழக்கிழமைக்குள் வா, நீ வராவிட்டால் அவள் சொன்னதை நான் ஒருபோதும் உனக்கு